கட்டைவிரலை எடுக்கச் சொன்ன சரக்கு

போன மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாக்லேட் அலமாரி முன்னால் நின்று நான் சத்தம் போட்டுவிட்டேன். வயதான காலத்தில் இதெல்லாம் தேவையா என்று என் மனைவி இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறாள். நடந்தது இதுதான். பக்கத்து வீட்டுப் பெண் ஷைனி, கல்லூரியில் படிக்கிறவள், என்னோடு வந்திருந்தாள். ஒரு சாக்லேட்டை எடுத்து அதன் பார்கோடைப் போனில் காட்டினாள். "மாமா, இந்தக் கம்பெனி போர் நடத்துற நாட்டுல இன்னும் யாவாரம் பண்ணுதாம். இத வாங்கக் கூடாதாம்" என்று திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "இது பரவால்லயாம்." நல்ல பிள்ளை, மனசில் ஈரமுள்ள பிள்ளை. அவள்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் கிடையாது. ஆனால் வாய் நிற்கவில்லை. "ஏளா, பாக்கெட்டுல இருக்கத நம்பி முடிவு பண்ணுதியே, அதுல ஒட்டுனவன் யாருன்னு கேட்டியா? இருபத்திரண்டு வருஷம் ஒட்டுனவன் நான்தான். தூக்கிக் குப்பையில போடு அந்தப் போன!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் அவளே வீட்டுக்கு வந்து, "அப்படி என்னதான் மாமா நடந்துச்சு?" என்று கேட்டாள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். இதைப் படித்துவிட்டு என்னை மாமா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம்.

எனக்குச் சொந்த ஊர் மணப்பாடு. அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோய் வந்தவர். எனக்கோ படகில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். "நீ கரையிலயே கெடலே" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு, தூத்துக்குடி துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிற வேலையில் சேர்த்துவிட்டார். எண்ணினேன், எழுதினேன், லாரிக்காரர்களோடு சண்டை போட்டேன். பத்து வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு வெளிநாட்டு மிட்டாய், பிஸ்கட், சாக்லேட் இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டிக்கர் பிரிவுக்கு சூப்பர்வைசராகப் போனேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். இப்போது அந்தப் பெயரில் அது இல்லவும் இல்லை.

ஸ்டிக்கர் பிரிவா, அது என்ன பெரிய வேலை என்று என் மைத்துனன்கூடக் கேலி செய்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வருகிற தின்பண்டத்தை அப்படியே கடைக்கு அனுப்ப முடியாது. இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், விலை, வந்த மாதம், சைவம் என்று காட்டுகிற பச்சை வட்டம், இவ்வளவையும் ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒட்டியாக வேண்டும். குடோனில் நாலு மேசை. மேசைக்கு மூன்று பெண்கள். ஒருத்தி பெட்டியைப் பிரித்துத் தூசி துடைப்பாள், அடுத்தவள் ஒட்டுவாள், மூன்றாமவள் சரிபார்த்துத் திரும்ப அடுக்குவாள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் மேசை எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை உள்ளே போட வேண்டும். கடையிலிருந்து புகார் வந்தால் எந்த மேசை என்று கண்டுபிடிக்கத்தான் அந்தச் சீட்டு.

ஒட்டுகிற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்கெனவே அச்சில் உள்ள எதையும் ஸ்டிக்கர் மறைக்கக் கூடாது. முக்கியமாக, எந்த நாட்டில் செய்தது என்கிற வரியை மறைக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்லித்தந்தது ஒரே ஒரு பாடம். இடது கட்டைவிரலை அந்த வரியின்மேல் வை, ஸ்டிக்கரை விரலுக்கு இந்தப் பக்கம் ஒட்டு. விரலை எடுத்தால் வரி முழுசாகத் தெரிய வேண்டும். "வெரலு மேல ஸ்டிக்கர் ஏறுச்சுன்னா தப்பு. அவ்வளவுதான், பெரிய படிப்பு ஒண்ணும் இல்ல" என்பேன். ஒரு வாரத்தில் பழகிவிடும். அப்புறம் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பக்கத்து மேசைக்காரியை வம்புக்கு இழுத்துக்கொண்டே ஒட்டுவார்கள். விரல் மட்டும் தானாகப் போய் அந்த வரியில் உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு மேலே இருந்தவர் மேனேஜர் ஜெயபால் சார். அவர் உத்தரவு போட்டு நான் பார்த்ததே இல்லை. அறைக்குக் கூப்பிடுவார். டீ வரவழைப்பார். மக்ரூன் தட்டை நம் பக்கம் நகர்த்துவார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா சூசை?" என்பார். பிறகு எதையோ எடுத்து மேசையில் வைத்து, ஒற்றை விரலால் மெல்ல நம் பக்கம் தள்ளி, "இது எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவர் மனசில் இருப்பதை நாம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், "அப்ப நீங்க சொல்றபடியே செஞ்சிருவோம்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அத்தனை வருஷத்தில் அவர் கையெழுத்தில் ஒரு வரி நான் பார்த்ததில்லை. இதைப் பெரிய மனுஷத்தனம் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தி கெட்டவன் நான்.

இலங்கையில் போர் முடிந்த வருஷம் அது. ஊரே கொதித்துப்போய் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் படங்கள் ஒட்டியிருந்தார்கள், பார்க்க முடியாது. நானும் கோயில் வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்று அழுதிருக்கிறேன். அந்த நாட்டுச் சரக்கை விற்காதே, வாங்காதே என்று கடைகடையாக நோட்டீஸ் கொடுத்தார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பார், நாட்டின் பெயரைப் பார், பார்கோடில் முதல் மூன்று எண்ணைப் பார் என்று அதில் விவரமாகப் போட்டிருந்தது. இளவட்டங்கள் கூட்டமாக வந்து கடைக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு அன்றைக்கும் குறை தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தங்களால் வேறு என்ன செய்ய முடியும் என்று தெரியாமல், வாயில் போடுகிற மிட்டாயையாவது வேண்டாம் என்று வைத்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில் எங்கள் குடோனில் கொழும்புக் கம்பெனி ஒன்றின் டாஃபியும் கிரீம் பிஸ்கட்டும் ஒரு கண்டெய்னர் நிறைய வந்து கிடந்தது. திருப்பி அனுப்ப வழியில்லை. வைத்திருந்தால் சில மாதத்தில் காலாவதியாகிவிடும்.

ஜெயபால் சார் கூப்பிட்டார். டீ வந்தது. மக்ரூன் தட்டு நகர்ந்தது. ஒரு டாஃபி பாக்கெட்டை எடுத்து வைத்தார். அதன்மேல் புது ஸ்டிக்கர் ஒன்று, வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு பெரியது, ஒட்டியிருந்தது.

"விலை கண்ணுக்கே தெரியலைன்னு கடைக்காரங்க சொல்றாங்க சூசை. இது எப்படி இருக்கு?"

பார்த்ததும் தெரிந்துவிட்டது. "சார், நாட்டுப் பேரு இருக்க வரிய மறைக்குதே. பார்கோடுலயும் பாதி போயிருது."

"அப்படியா?" கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொன்னாத்தான் தெரியுது. வேற எங்க ஒட்டலாம்? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பாக்கெட்டைத் திருப்பினேன். பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என்னையே பார்த்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு அப்போது இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் என் மூளையில் ஓடியது அதுதான் என்பதைச் சொல்கிறேன்.

"இங்கனயே ஒட்டிருவோம் சார்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி."

குடோனுக்கு வந்து பெண்களிடம், "இந்தச் சரக்குக்கு மட்டும் கட்டைவெரல எடுத்துருங்க. ஸ்டிக்கர் அந்த வரி மேலயே வரணும்" என்றேன். பன்னிரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "என்ன அண்ணாச்சி, நீங்களா சொல்லுதிய?" என்று ஒருத்தி கேட்டாள். "சொன்னதச் செய்யிளா, வாயாடாத" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் மேசையில் ஒட்டுகிறவள் தவமலர். இலங்கையிலிருந்து படகில் வந்து, அகதி முகாமில் தாயோடு இருந்தவள். முப்பது வயது இருக்கும். அவளுடைய தம்பி அங்கேயே தங்கிவிட்டான். கடைசி வாரங்களில் அவன் செத்துப்போன செய்தி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான்கு மேசையிலும் வேகமான கை அவளுடையதுதான். அந்தச் சரக்கின் முதல் பெட்டியைப் பிரித்தபோது ஒரு பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய், "அண்ணை, இது நாங்கள் சின்னனில திண்ட ரொபி" என்றாள். டாஃபியை அவர்கள் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். தம்பியும் அவளும் ஒன்றைக் கடித்துப் பங்கு போடுவார்களாம். நான் விரலை எடுக்கச் சொன்னபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். சரி, கேட்டுக்கொண்டாள் என்று நினைத்துவிட்டேன்.

சரக்கு கடைகளுக்குப் போன நாலாம் நாள் ஏரலிலிருந்து ஒரு கடைக்கார அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏ சூசை, இங்கன பத்துப் பேரு வந்து நிக்காவ. ரெண்டு பெட்டியப் பிரிச்சாச்சு. ஒண்ணுல நாட்டுப் பேரு பளிச்சுன்னு தெரியுது, இன்னொண்ணுல ஸ்டிக்கருக்கு அடியில ஒளிஞ்சு கெடக்கு. என்ன வேலை பாக்கிய? எல்லாத்தையும் என் தலையில கட்டப் பாக்கியளா?"

பஸ் பிடித்து ஓடினேன். நான் போவதற்குள் அவர்கள் இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு பாக்கெட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாட்டின் பெயர் தெரிந்த பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு பாக்கெட் தப்பாமல் எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் பின்பக்க வெற்றிடத்தில், நேர்கோடு பிடித்த மாதிரி ஒட்டியிருந்தது. அடியில் கிடந்த சீட்டில் மூன்று என்று எழுதியிருந்தது. சீட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை, வேலை தொடங்குவதற்கு முன்னால், குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"நீதான?"

"ஓம் அண்ணை."

மழுப்பவே இல்லை. அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. "ஏன்ளா இப்படிச் செஞ்ச? நான் என்ன படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

அவள் முகம் கழுவிய கையைச் சேலையில் துடைத்தாள். "அந்தச் சனம் ஆருக்காக இதை வாங்காமல் விடுகுது? எங்களுக்காகத்தானே. என்ட தம்பியை அதுகள் கண்டதுமில்லை, பேர் தெரிஞ்சதுமில்லை. அவனுக்காக ஒரு ரொபியை வேண்டாமெண்டு வைக்குதுகள். அதை நான் ஒளிச்சு அதுகளின்ட வாயில போடவோ? என்னால ஏலாது அண்ணை."

"சரி. மத்த மேசைக்காரிய கிட்ட ஒண்ணும் சொல்லாத. நானும் சார்ட்ட சொல்ல மாட்டேன்" என்றேன். அவளைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு பெருமிதத்தோடு உள்ளே போனேன். தூ!

மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கம்பெனி வாசலில் முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். முன்னால் தாடி வைத்த ஓர் இளைஞன், ஒரு கைக்கு ஒரு பாக்கெட்டாகப் பிடித்துக்கொண்டு நின்றான். "எதுக்குடா மறைச்சீங்க? யாரு மறைக்கச் சொன்னது?" என்று கேட்டான். சத்தம் கேட்டுக் குடோன் பெண்கள் கதவருகே வந்து நின்றார்கள். ஜெயபால் சார் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பாக்கெட்டையும் வாங்கி, முதல் தடவை பார்க்கிறவர் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க கேக்குறது நூத்துக்கு நூறு நியாயம்" என்றார். நாட்டின் பெயர் தெரிகிற பாக்கெட்டை உயர்த்தினார். "இதுதான் எங்க கம்பெனி முறை. எதையும் மறைக்க மாட்டோம்." மறைத்த பாக்கெட்டை உயர்த்தினார். "இது எங்க ஆளு ஒருத்தர் பண்ணுன தப்பு."

"யாரு அந்த ஆளு?"

சார் என் பக்கம் திரும்பினார். குரல் மாறவே இல்லை, வீட்டில் சௌக்கியமா என்று கேட்கிற அதே குரல். "சூசை, முகாம்லேருந்து ஒரு பொண்ணு வருதுல்ல, அது எந்த மேசை?"

அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. யார் எப்படி ஒட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கேட்க நாதியில்லாத ஆள் யார் என்று பார்த்தார், அவள் பெயர் வந்தது, அவ்வளவுதான்.

"மூணாம் மேசை சார்" என்றேன்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் மூன்றாம் மேசைதான். சீட்டில் இருந்த எண்ணும் மூன்றுதான். என் சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டி அந்தச் சீட்டை எடுத்து, நாட்டின் பெயர் தெரிகிற பெட்டிதான் இவளுடையது, மறைத்ததெல்லாம் நான் சொல்லி மற்றவர்கள் ஒட்டியது என்று சொல்லியிருந்தால் போதும். கை எழவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் சார், தப்பு நடந்த மேசையையே நான் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி. "பாவம்னு வேலை குடுத்தோம். சொந்த நாட்டுச் சரக்கு வித்துப் போகட்டும்னு அதுவா செஞ்சிருக்கு."

எல்லாரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள். மற்ற பெண்கள் தங்களை அறியாமல் நகர, அவள் தனியாக நின்றாள். தாடிக்கார இளைஞனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நீங்களாக்கா? ஒங்களுக்காகத்தான நாங்க வேலைய விட்டுட்டு ரோட்டுல நிக்கோம்?" என்றான்.

"நான் செய்யேல்ல தம்பி" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சாரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் வாயைத் திறப்பேன் என்று கடைசிவரை நம்பினாள். நான் தரையைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கையை விட்டாள். பின்னாலிருந்து ஒருவன் "துரோகி" என்று கத்தினான். இன்னும் இரண்டு மூன்று பேர் கத்தினார்கள். ஒருத்தன் போனில் படம் பிடித்தான். அவள் உள்ளே போய் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவாகவே நடந்து போனாள்.

அன்று சாயங்காலம் சார் கூப்பிட்டு, "நீங்க சொன்னதாலதான் சமாளிச்சோம் சூசை" என்று மக்ரூன் தட்டை நகர்த்தினார். தின்றேன். ஆமாம், தின்றேன். எஞ்சிய சரக்கு எங்கோ வெளியூருக்குப் போய் விற்றுத் தீர்ந்தது. சில மாதத்தில் ஊரும் மறந்துவிட்டது. அதே டாஃபி வேறு காகிதத்தில், வேறு நாட்டின் வழியாக வந்தது, நாங்களே ஒட்டினோம், நோட்டீஸ் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் தின்றிருப்பார்கள். மீதிப் பதினோரு பெண்களுக்கும் உண்மை தெரியும். அவர்களும் வயிற்றுப்பாட்டுக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருத்தியும் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. "சார்" என்றார்கள். ஓய்வு பெறுகிற நாள்வரைக்கும் "சார்"தான்.

இரண்டு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் பஸ் ஏறினேன். ஒற்றை அறை வீடு. தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தவமலர் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பாலில்லாத தேநீர் கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

போனில் பிடித்த படம் முகாம் முழுக்கச் சுற்றிவிட்டதாம். அங்கே ஆளைப் பறிகொடுக்காத வீடே கிடையாது. அவர்கள் எல்லாருக்கும் இப்போது இவள், செத்தவர்களை மறந்து அந்த நாட்டுச் சரக்கை ஒளித்து விற்றவள். "அம்மா தண்ணிக்குப் போனால் பக்கத்தில நிக்கிற சனம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போகுது. தம்பிக்குத் துக்கம் கேட்க வந்த ஆக்கள் இப்ப வாறேல்ல" என்றாள்.

சீட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இத வச்சுக்கோம்மா. நாட்டுப் பேரு தெரிஞ்ச பெட்டியில கெடந்த சீட்டு இது. தப்பு செஞ்சது நான்" என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள். நாலாக மடித்துத் திரும்ப என் கையிலேயே வைத்தாள்.

"இதை எனக்கேன் அண்ணை காட்டுறியள்? எனக்குத் தெரியும்தானே. தெரியாத சனம் வெளியில இருக்குது. அதுகளுக்குக் காட்டுங்கோ."

சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று நடந்தேன். முகாம் வாசலில் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலில் வந்த என்னைப் பார்த்து ஒரு பெரியவர் எழுந்து இடம் விட்டார்.

"ஊருக்குப் புது ஆள் போல. ஆரின்ட வீட்டுக்கு வந்தனீங்கள் ஐயா? அந்த ஸ்ரிக்கர்க்காரியின்ட வீட்டுக்கோ?"

அவ்வளவு பேரும் டீ கிளாஸை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். சீட்டு என் உள்ளங்கையில்தான் இருந்தது.

"இல்ல" என்றேன். "வழி தெரியாம உள்ள வந்துட்டேன்."

பெரியவர் நம்பிவிட்டார். பாவம் என்று சொல்லி, பஸ் நிற்கிற இடம்வரைக்கும் கூடவே நடந்து வந்து வழி காட்டிவிட்டுப் போனார்.